பெரியகுளம் செடிமுருங்கை

செடிமுருங்கை என்பது விதையிலிருந்து வளர்க்கப்பட்டு, விதைத்த ஆறு மாதத்திற்குள் காய்ப்புக்கு வரும் முருங்கை. கொம்பு நட்டு வளர்க்கும் மரமுருங்கையிலிருந்து வேறுபடுத்திக் காட்ட இப்பெயர் வழங்குகிறது. விதைமுருங்கை, ஓராண்டு முருங்கை ஆகியவை இதன் வேறு பெயர்கள். தேனி மாவட்டம் பெரியகுளத்தில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆய்வு நிலையம் 1980களின் இறுதியில் வெளியிட்ட பி.கே.எம்.1 ரகம் செடிமுருங்கையைத் தமிழகம் முழுவதும் பரப்பியது. பின்னர் அது இந்தியாவின் பிற மாநிலங்களுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றது. வீட்டுக் கொல்லையில் ஒரு மரமாக நின்ற முருங்கை, ஏக்கர் கணக்கில் பயிரிடும் காய்கறியாக மாறியதில் இந்த ரகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

கொம்பு நடும் மரபு

முருங்கையின் தாயகம் இமயமலையின் அடிவாரப் பகுதி. எனினும் தமிழகத்தில் அது மிகத் தொன்மையான மரம். அகநானூற்றின் முதல் பாடலில் மாமூலனார், பாலை நிலத்து வழியில் காற்று அடித்து உதிர்க்கும் முருங்கைப் பூவைக் குறிப்பிடுகிறார். 1785ஆம் ஆண்டு பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் இம்மரத்துக்கு 'மொரிங்கா ஒலிஃபெரா' என்று பெயரிட்டார். அதன் முதற்பகுதி தமிழின் முருங்கை, மலையாளத்தின் முரிங்ஙா ஆகிய சொற்களின் வழி வந்தது.

தமிழகத்தில் முருங்கையை விதை போட்டு வளர்ப்பது பெருவழக்காக இருக்கவில்லை. நன்கு காய்க்கும் மரத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள முற்றிய கிளையை வெட்டி, மழைக்காலத்தில் ஊன்றி வைப்பதே வழக்கம். தென்மாவட்டங்களில் இக்கொம்புக்குப் போத்து என்று பெயர். வெட்டிய மேல்முனை வெயிலில் காயாமலிருக்க அதில் சாணத்தை உருட்டி அப்புவார்கள். போத்து வேர்பிடித்தால் தாய் மரத்தின் எல்லாக் குணங்களும் அப்படியே வரும். காயின் நீளம், சதைப்பற்று, சுவை எதிலும் மாற்றம் இராது. அண்டை வீட்டுக் காயைச் சமைத்துப் பார்த்தபின் அந்த மரத்தின் போத்தைக் கேட்டு வாங்குவதுதான் அக்காலத்து ரகத் தேர்வு.

இவ்வாறு தேர்ந்து தேர்ந்து பல வகைகள் நிலைத்தன. யாழ்ப்பாண முருங்கை, அதைவிட நீண்ட காய் தரும் சாவகச்சேரி முருங்கை, சிவந்த நுனியுடைய காய் தரும் செம்முருங்கை, வெற்றிலைக் கொடிக்கால்களில் வளர்ந்த கொடிக்கால் முருங்கை, மூலனூர் முருங்கை, பால்முருங்கை, புனமுருங்கை ஆகியவை அவற்றுள் சில. பெரும்பாலான பெயர்கள் ஊரையோ நிலத்தையோ காயின் தன்மையையோ குறிக்கின்றன.

போத்து முறைக்கு வரம்புகள் இருந்தன. ஒரு மரத்திலிருந்து ஆண்டுக்குச் சில போத்துகளையே வெட்ட முடியும். வண்டியில் ஏற்றித் தொலைவுக்குக் கொண்டுபோனால் வழியிலேயே காய்ந்துவிடும். போத்திலிருந்து வளரும் மரத்தின் வேர் விதைக்கன்றின் ஆணிவேர் போல ஆழம் போவதில்லை, எனவே வறட்சியையும் பலத்த காற்றையும் தாங்கும் திறன் குறைவு. ஒரு தோட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் நடுவதற்குப் போதிய போத்து கிடைப்பதும் கடினம். முருங்கை நீண்ட காலம் கொல்லை மரமாகவும் வரப்பு மரமாகவும் நின்றுவிட்டதற்கு இவை காரணங்கள்.

தேனியின் நிலமும் நீரும்

தேனி மாவட்டம் 1997 ஜனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. அதற்கு முன் இப்பகுதி மதுரை மாவட்டத்தில் இருந்தது. இதன் மேற்கில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கொண்ட கம்பம் பள்ளத்தாக்கு உள்ளது. 1895ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்த பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கப்பாதை வழியாக இங்கு இறங்குகிறது. நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர்த் திராட்சையும் இந்நீரை நம்பியவை. வைகை ஆற்றின் தென்கிழக்கே கடமலைக்குண்டு, ஆண்டிபட்டி வட்டாரங்களில் நிலைமை வேறு. மலை மறைவில் அமைந்த அம்மானாவாரி நிலங்களில் மழை குறைவு, கிணற்று நீரும் அளவானது.

முருங்கைக்கு ஏற்ற இடம் இரண்டாவது வகை நிலமே. நீர் தேங்கினால் அதன் வேர் அழுகிவிடும். வடிகால் உள்ள செம்மண்ணிலும் மணற்பாங்கான நிலத்திலும் குறைந்த நீரில் அது வளரும். இரண்டு நிலங்களுக்கும் இடையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் வராக நதிக்கரையில் அமைந்துள்ளது பெரியகுளம்.

பெரியகுளம் ஆய்வு நிலையம்

பெரியகுளத்தில் 1957ஆம் ஆண்டு பழப்பயிர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபின் அதன்கீழ் வந்தது. 1990இல் இங்கே தோட்டக்கலைக் கல்லூரி தொடங்கியது. இந்நிலையம் வெளியிடும் ரகங்கள் ஊர்ப்பெயரின் சுருக்கமான பி.கே.எம். என்ற எழுத்துகளைத் தாங்கி வருகின்றன.

இந்நிலையத்தின் புகழ்பெற்ற ரகங்கள் சிலவற்றின் வேர் உள்ளூர் வகைகளில் இருக்கிறது. பி.கே.எம்.1 தக்காளி, தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சி ஊரின் நாட்டுத் தக்காளியிலிருந்து சடுதிமாற்றம் தூண்டிப் பெறப்பட்டது. பி.கே.எம்.1 புளி, பெரியகுளம் வட்டத்தைச் சேர்ந்த எண்டப்புளியின் மரத்திலிருந்து தேர்வு செய்யப்பட்டது. உழவர்கள் ஏற்கெனவே பார்த்துப் பார்த்து வளர்த்த வகையை எடுத்து, சோதித்து, அதன் குணத்தை நிலைநிறுத்துவது இந்நிலையத்தின் வழிமுறைகளில் ஒன்று. முருங்கையிலும் அதுவே நடந்தது. ஆனால் முருங்கையில் அந்த வேலை கடினமானது.

விதை தரும் வேறுபாடு

புளி மரத்தில் ஒரு நல்ல மரத்தைக் கண்டால் ஒட்டுக்கட்டிப் பெருக்கலாம். முருங்கை விதையில் அப்படி முடியாது. முருங்கைப்பூவில் தச்சுத் தேனீ எனப்படும் கருவண்டுகள் மரத்துக்கு மரம் மகரந்தத்தைக் கொண்டுசெல்கின்றன. விசாகப்பட்டினம் பகுதியில் நடந்து 1990இல் வெளியான ஓர் ஆய்வு, முருங்கையின் முதன்மை மகரந்தச் சேர்ப்பிகள் இவ்வண்டுகளே என்று காட்டியது. கென்யாவில் பின்னர் நடந்த மரபணு ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு 74 விதைகள் அயல்மகரந்தச் சேர்க்கையால் உருவானவை என்று கணக்கிடப்பட்டது. ஆகவே ஒரே காயின் விதைகளுக்குத் தாய் ஒன்றாக இருந்தாலும் தந்தை மரங்கள் வேறுவேறாக இருக்கலாம். நெடுங்காய் மரத்தின் விதையைப் போட்டால் சிறுங்காய் மரமும் கசப்புக் காய் மரமும் முளைப்பதற்கு இதுவே காரணம். 1989இல் 'தென்னிந்தியத் தோட்டக்கலை' ஆய்விதழில் சுதந்திரபாண்டியன், சம்பந்தமூர்த்தி, இருளப்பன் ஆகியோர் எழுதிய கட்டுரை, ஓராண்டு முருங்கையின் விதைக்கன்றுகளிடையே காணப்படும் இந்த வேறுபாட்டைப் பற்றியதே.

வீட்டுத் தோட்டத்துச் செம்பருத்தியோடு ஒப்பிட்டால் இச்சிக்கல் தெளிவாகும். செம்பருத்தியையும் தமிழர்கள் குச்சி ஒடித்து நட்டே வளர்க்கிறார்கள். புதிய நிறம் வேண்டுபவர்கள் மட்டும் இரு வகைகளின் பூக்களைக் கலந்து விதை எடுக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளிலும், பின்னர் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்திலும் பல செம்பருத்தி வகைகள் இவ்வாறு உருவாயின. நூறு விதைக்கன்றில் நூறு விதமான பூக்கள் வருவது அங்கே நன்மை. அவற்றுள் ஒன்று பிடித்துவிட்டால் அதன் குச்சியை நட்டு அப்படியே பெருக்கிக்கொள்ளலாம், மற்றவற்றைக் களைந்துவிடலாம். விதை அங்கே தேடுவதற்கான வழி, குச்சி பெருக்குவதற்கான வழி.

செடிமுருங்கையில் விதையே பெருக்குவதற்கான வழி. உழவர் வாங்கும் ஒவ்வொரு விதையும் ஒரே மாதிரிக் காயைத் தர வேண்டும். எனவே செம்பருத்தியில் தேடப்படும் வேறுபாட்டை முருங்கையில் அகற்றியாக வேண்டும்.

பி.கே.எம்.1 உருவான விதம்

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியில் எப்போதும்வென்றான் என்ற ஊர் உள்ளது. அங்கு விதை போட்டு வளர்க்கப்பட்ட ஓராண்டு முருங்கை வகை பெரியகுளத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதைத் தொடர்ந்து தன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படுத்தி, தூய வரிசைத் தேர்வு முறையில் பி.கே.எம்.1 பெறப்பட்டது. இத்தேர்வு ஆறு தலைமுறைகள் நடந்தது.

தூய வரிசைத் தேர்வில் தேர்ந்தெடுத்த செடியின் பூங்கொத்தை அது விரிவதற்கு முன்பே துணிப்பையால் மூடிவிடுவார்கள். வண்டு வேறு மரத்தின் மகரந்தத்தைக் கொண்டுவர முடியாது. உள்ளே அதே செடியின் மகரந்தம் சேர்ந்து காய் பிடிக்கும். அதன் விதைகளை முளைக்கவைத்து, விரும்பிய குணமுள்ள செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்குவார்கள். மறுபடியும் பூவை மூடுவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத்தன்மை பாதியாகக் குறையும். ஆறு தலைமுறை கழிந்தால் தொடக்கத்தில் இருந்ததில் 64இல் ஒரு பங்கே எஞ்சும். காய் முற்றி விதை எடுக்கப் பல மாதங்கள் ஆகும் பயிரில், இந்த ஆறு தலைமுறையும் பல ஆண்டுகளின் உழைப்பு.

இவ்வாறு கிடைத்த ரகம் 4 முதல் 6 மீட்டர் உயரம் வளர்ந்தது. விதைத்த 90 முதல் 100 நாட்களில் பூத்தது. 160 முதல் 170 நாட்களில் முதல் காய் பறிக்க முடிந்தது. காய் 65 முதல் 70 செ.மீ. நீளமும் சுமார் 150 கிராம் எடையும் கொண்டது. ஒரு செடி ஆண்டுக்கு 200 முதல் 225 காய்கள் வரை தந்தது. ஹெக்டேருக்கு 50 முதல் 54 டன் விளைச்சல் என்று பல்கலைக்கழகம் குறிப்பிடுகிறது.

தனி மரக் கணக்கில் பார்த்தால் இது பெரிய சாதனையாகத் தோன்றாது. நன்கு வளர்ந்த மரமுருங்கை ஆண்டுக்கு 500 காய்க்கு மேல் தரக்கூடியது. ஆனால் அந்த நிலைக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். செடிமுருங்கையை 2.5 மீட்டர் இடைவெளியில் நடலாம், ஏக்கருக்கு 640 செடிகள் நிற்கும். மரமுருங்கைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். குறைந்த காலம், நெருக்கமான நடவு, ஒரே சீரான காய் ஆகிய மூன்றும் சேர்ந்தே செடிமுருங்கையைச் சந்தைப் பயிராக்கின.

வயலில் செடிமுருங்கை

செடிமுருங்கைக்கு இரண்டரை மீட்டருக்கு ஒன்றாக ஒன்றரை அடி ஆழ, அகலத்தில் குழி எடுத்து, தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புவார்கள். குழிக்கு இரண்டு விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றுவார்கள். முளைத்தபின் வீரியமான ஒன்றை விட்டு மற்றதைப் பிடுங்கிவிடுவார்கள். ஏக்கருக்கு 1,280 விதைகள் போதும். அவை ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும். அதே பரப்புக்கான போத்துகளைக் கொண்டுவர வண்டி வேண்டும்.

செடி 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக உயரப் போகும், கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துக் காய் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். ஓராண்டுக் காய்ப்பு முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் தண்டை வெட்டிவிடுவார்கள். மீண்டும் துளிர்த்து நான்கைந்து மாதத்தில் காய்க்கும். இவ்வாறு மூன்று ஆண்டுகள் வரை கட்டைப்பயிர் எடுக்கலாம். அடித்து வளர்க்காத பிள்ளையும் ஒடித்து வளர்க்காத முருங்கையும் உருப்படாது என்ற பழமொழி மரமுருங்கையைப் பார்த்துச் சொன்னது. அதில் உள்ள அறிவையே செடிமுருங்கைச் சாகுபடி நாள் குறித்து, உயரம் குறித்துச் செய்கிறது.

தனி மரத்தில் அவ்வளவாகப் பொருட்படுத்தாத பூச்சிகள் தோப்பில் பெருந்தொல்லையாயின. மொட்டுப்புழு, இலைப்புழு, தண்டில் கூட்டமாக அடையும் கம்பளிப்புழு ஆகியவற்றோடு பழ ஈயும் காயை அழுகச் செய்கிறது. ஒரே வகைச் செடிகள் ஒரே சமயத்தில் பூத்துக் காய்ப்பதால் பூச்சிக்கு இரை தொடர்ந்து கிடைக்கிறது. விலையிலும் இதேபோன்ற சிக்கல் உண்டு. ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே பருவத்தில் காய்க்கும்போது சந்தையில் விலை சரியும்.

பி.கே.எம்.2

2000ஆம் ஆண்டில் பெரியகுளம் தனது இரண்டாவது முருங்கை ரகத்தை வெளியிட்டது. எப்போதும்வென்றான் வகையையும் அரசரடி வகையையும் கலந்து பெற்ற பி.கே.எம்.2, 125 முதல் 130 செ.மீ. நீளமுள்ள காய்களைத் தந்தது. ஒரு காயின் எடை சுமார் 280 கிராம், விளைச்சல் ஹெக்டேருக்கு 98 டன் எனக் குறிப்பிடப்பட்டது. எண்ணிக்கையில் முந்தைய ரகத்துக்கு ஏறத்தாழ இணையாகவும், எடையில் கிட்டத்தட்ட இரு மடங்காகவும் காய்கள் இருந்தன. இருந்தும் வயல்களில் மிகுதியாகப் பரவியது முதல் ரகமே.

கடல் கடந்த விதை

1990களின் பிற்பகுதியில் செனகல் நாட்டில் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் முருங்கை இலைப்பொடி தரும் திட்டம் நடந்தது. அதன்பின் முருங்கை உலக அளவில் பேசப்பட்டது. இலைப்பொடியும் விதை எண்ணெயும் வணிகப் பொருள்களாயின. ஆப்பிரிக்காவில் முருங்கை ஏற்கெனவே இருந்தது. எனினும் அங்கிருந்த மரங்கள் இந்தியாவிலிருந்து முன்பு சென்ற சில விதைகளின் வழி வந்தவை. 1999இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, கென்ய மரங்களைவிட இந்திய மரங்களில் வேறுபாடு மிகுதி என்று காட்டியது. புதிய தோட்டங்களுக்கு விதை தேவைப்பட்டபோது, பெயரும் குணமும் பதிவுசெய்யப்பட்ட ரகமாக முன்னின்றது பி.கே.எம்.1. இன்று பல நாடுகளின் விதை வணிகத்தில் பெரியகுளத்தின் மூன்றெழுத்துகளே முருங்கையின் தர அடையாளமாக வழங்குகின்றன. காய்க்காக உருவான ரகம் அங்கே பெரும்பாலும் இலைக்காக அடர்த்தியாக விதைக்கப்படுகிறது.

தமிழக அரசு 2021ஆம் ஆண்டு வெளியிட்ட முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில் முருங்கை ஏற்றுமதி மண்டலம் அறிவிக்கப்பட்டது. அதில் இடம்பெற்ற மாவட்டங்களுள் தேனியும் ஒன்று.

விதைத் தூய்மை

தூய வரிசை என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல. துணிப்பைக்குள் ஆறு தலைமுறை காத்த தூய்மை, திறந்த வயலில் முதல் பூ விரிந்ததுமே சோதனைக்கு உள்ளாகிறது. வரப்பில் ஒரு மரமுருங்கை நின்றால் போதும், வண்டு அதன் மகரந்தத்தைச் செடிமுருங்கைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த ஆண்டுக் காய்க்கு இதனால் குறை இல்லை, ஏனெனில் காயின் வடிவம் தாய்ச் செடியைச் சார்ந்தது. அதன் விதையிலிருந்து எழும் அடுத்த தலைமுறையில்தான் கலப்பு தெரியும். நீளம் குறைந்த காய்களும் காலம் தப்பிப் பூக்கும் செடிகளும் தோப்பில் தோன்றும். உழவருக்கு இது தெரியவருவதற்குள் ஆறு மாதம் கடந்திருக்கும்.

ஆகவே விதைக்காக விடும் செடிகளைப் பிற முருங்கைகளிலிருந்து விலக்கி வளர்ப்பதும், வேறுபட்ட செடிகளைப் பூக்கும் முன்பே களைவதும் தேவைப்படுகிறது. நோயற்ற, சீராகக் காய்க்கும் செடியில் காயைப் பழுப்பாகும் வரை மரத்திலேயே விட்டு, வெடிக்கும் முன் பறித்து விதை எடுப்பார்கள். முளைப்புத்திறன் நாளடைவில் குறைவதால் விதையை ஓராண்டுக்குள் பயன்படுத்துவது நல்லது. பி.கே.எம்.1 என்ற பெயரில் விற்கும் எல்லா விதைகளும் ஒரே தரத்தில் இராததற்கு, இவ்வேலைகளைச் செய்யாமல் திறந்த தோப்பில் சேகரிப்பது முதன்மையான காரணம்.

இழப்பும் பயனும்

போத்து நடும் காலத்தில் ரகத்தைக் காத்தவர் அந்த மரத்தின் சொந்தக்காரர். வெட்டிக் கொடுத்தாலும் குணம் மாறாது, வாங்கியவரும் அடுத்தவருக்குக் கொடுக்கலாம். விதை வந்தபின் பெருக்குவது எளிதாயிற்று, குணத்தைக் காப்பது கடினமாயிற்று. அப்பொறுப்பு கொல்லையிலிருந்து ஆய்வு நிலையத்துக்கும் விதை வணிகருக்கும் நகர்ந்தது.

ஒரே ரகம் பரவியபோது பழைய மரவகைகள் ஒதுங்கின. ஊர்ப்பெயர் தாங்கிய முருங்கைகள் பல இன்று ஒருசில வீடுகளில் மட்டும் நிற்கின்றன. அவற்றின் போத்தை எவரும் கேட்காவிட்டால் மரம் விழும் நாளில் அவ்வகையும் முடிந்துபோகும். பி.கே.எம்.1, பி.கே.எம்.2 ஆகிய இரண்டின் மரபிலும் எப்போதும்வென்றான் என்ற கரிசல் ஊரின் முருங்கை இருக்கிறது. அந்த ஊரார் விதையைத் தேர்ந்து போட்டு வைத்திராவிட்டால் பெரியகுளத்தில் தூய்மைப்படுத்த ஏதும் இருந்திராது. வறட்சியைத் தாங்கும், பழ ஈயை எதிர்க்கும் அடுத்த ரகத்துக்கான குணமும் இதேபோல் எங்கோ ஒரு வரப்பு மரத்தில் இருக்க வாய்ப்புண்டு.

முருங்கை பருத்தால் தூணாகுமா என்பது பழமொழி. ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு போன்ற நீர் குறைந்த வட்டாரங்களின் உழவர்களுக்கு, ஆறு மாதத்தில் காசு தரும் இந்தப் பருக்காத செடி குடும்பத்தைத் தாங்கும் தூணாகவே ஆனது. அது நிலைப்பது, தூய விதையைத் தலைமுறைதோறும் புதுப்பிப்பதையும் பழைய மரங்களின் போத்துகளை உயிரோடு வைத்திருப்பதையும் பொறுத்தது.